பூனை இருமலும் மழைக்கால நத்தையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பூனை இருமினாலே ஆஸ்துமா என்று முடிவுகட்டி ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஏலுரோஸ்ட்ராங்கைலஸ் அப்ஸ்ட்ரூசஸ் என்ற நுரையீரல் புழுவும் அதே மாதிரி இருமலைத் தரும்.

இதன் இளம்புழுக்கள் மலத்தில் வெளிவரும். ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் தாக்குப்பிடிக்கும். வெயிலில் மலம் காய்ந்தால் மடியும். அதற்குள் நத்தையோ ஓடில்லா நத்தையோ கிடைத்தாக வேண்டும். அதன் உடலுக்குள்தான் பூனையைத் தொற்றும் பருவத்தை எட்டும். வெப்பம் கூடினால் வளர்ச்சி வேகமாகும், குளிரில் மந்தமாகும். பிரேசிலில் ஆப்பிரிக்கப் பெரு நத்தையிலேயே இப்புழு கண்டறியப்பட்டிருக்கிறது. நத்தையைத் தின்ற எலி, பல்லி, பறவை வழியாகவும் பூனைக்கு வரும். வேட்டையாடும் பூனைக்கே ஆபத்து அதிகம்.

பரிசோதனையில்தான் கோட்டை விடுகிறோம். மலத்தை உப்புக் கரைசலில் கலந்து மிதக்கவிட்டால் இளம்புழு சுருங்கி உருத்தெரியாமல் போகும். பேர்மன் முறையே சரி: 5 முதல் 10 கிராம் புது மலத்தை மெல்லிய துணியில் கட்டி, புனலில் வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்க வைத்து, அடியில் தங்குவதை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வாலில் வளைவும் சிறு முள்ளும் தெரியும். தோட்டத்து மண்ணிலிருந்து அள்ளிய மலம் வேண்டாம். மண்புழுதியிலுள்ள உருளைப்புழுக்கள் குழப்பிவிடும். இளம்புழு மலத்தில் தினமும் வராது என்பதால் மூன்று நாள் மாதிரி தேவை.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்