செயலாளர் ஆண்டறிக்கை: திறந்த அரசுத் தரவு அட்டவணையின் முதல் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சங்க விதிகளின்படி கடந்த ஆண்டின் நடவடிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழுவை 12 முறை கூட்டினேன். கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை இல்லாததால் 5 கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. மார்ச் மாதம் திறந்த தரவு நாளையொட்டி ஒரு பயிலரங்கு நடந்தது. புதிய உறுப்பினர்களுக்கான அறிமுகக் கூட்டம் நடந்தது. விதித் திருத்தக் குழு கூடவில்லை.

இனி, அரசு அலுவலகங்கள் வெளியிடும் தரவுக் கோப்புகள் எங்கே கிடைக்கின்றன என்பதை ஓரிடத்தில் திரட்டும் நம் அட்டவணை. இதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளப் பேரவை அனுமதிக்க வேண்டும்.

சென்ற பொதுக்குழுவில் இத்திட்டத்தை நான் முன்மொழிந்தபோது, “அரசாங்கங்களே தரவுத் தளம் நடத்துகின்றன, நாம் வேறு எதற்கு?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. ஓராண்டு வேலை செய்த பிறகு இன்று சொல்ல முடிகிறது.

அமெரிக்க அரசின் தரவுத் தளம் 2009 மே மாதம் தொடங்கியபோது அதில் இருந்தவை 47 தரவுத்தொகுதிகள். அடுத்த ஆண்டு பிரிட்டனும், 2012இல் இந்தியாவும் தொடங்கின. இன்று அவை லட்சக்கணக்கான கோப்புகளாகப் பெருகியிருக்கின்றன, மகிழ்ச்சி. ஆனால் ஓர் அலுவலகம் முன்வந்து பதிவு செய்தது மட்டுமே அத்தகைய தளங்களில் ஏறும். பதிவு செய்யாதது ஆண்டறிக்கையின் பின்னிணைப்பிலும், ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தின் நடுப்பக்கத்திலும், சட்டமன்ற அவையில் கேட்ட கேள்விக்கு அளித்த பதிலிலும் கிடக்கும். மேலும், மக்கள் கேட்கும் கேள்விகள் துறைவாரியாகப் பிரிந்து வருவதில்லை. ‘எங்கள் பகுதிக் குடிநீர் நன்றாக இருக்கிறதா?’ என்று ஒருவர் கேட்டால், நீர்வரத்து ஒரு துறையிலும், நீர்ப் பரிசோதனை இன்னொரு துறையிலும், குழாய்ப் பராமரிப்பு உள்ளாட்சியிலும் இருக்கும். மூன்றையும் ஒரே பக்கத்தில் காட்டும் வேலையை எந்தத் துறையும் தன் வேலையாக எண்ணுவதில்லை. அதைத்தான் நாம் எடுத்துக்கொண்டோம்.

இன்னொரு காரணமும் உண்டு. அரசு வெளியிட்டது அரசிடமே என்றென்றும் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. 2025 பிப்ரவரியில் ஹார்வர்டு சட்டப் பள்ளி நூலகத்தின் ஒரு பிரிவு, அமெரிக்க அரசுத் தளத்தில் பட்டியலிடப்பட்டிருந்த 3,11,000க்கும் மேற்பட்ட தரவுத்தொகுதிகளைப் படியெடுத்துப் பொதுவில் வைத்தது. மொத்தம் 16 டெராபைட். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கவலை வந்திருக்கிறது என்றால், நம் கவலை மிகையன்று.

வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன். முதல் இரண்டு மாதங்கள் எந்த மென்பொருள் என்ற விவாதத்திலேயே கழிந்தன. தரவு அட்டவணைத் தளங்களை நடத்துவதற்கான சிகான் (CKAN) என்னும் மென்பொருளைப் பல அரசுகளே பயன்படுத்துகின்றன, அதையே நிறுவலாம் என்று சிலர் வலியுறுத்தினர். நல்ல மென்பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு சர்வர் வேண்டும், டேட்டாபேஸ் வேண்டும், தேடுபொறி வேண்டும், இவற்றை மாதந்தோறும் புதுப்பிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று கேட்டபோது கூட்டத்தில் யாரும் பேசவில்லை. அதனால் ஒரே ஒரு சிஎஸ்வி (CSV, காற்புள்ளியால் பிரித்த எளிய உரை அட்டவணை) கோப்பில், பதிவுக்கு ஒரு வரியாகத் தொடங்கினேன். இந்த முடிவை இன்றுவரை குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். நெடுவரிசைத் தலைப்புகளை, தரவு அட்டவணைகளை விவரிப்பதற்கான டிகாட் (DCAT) தரநிலைக்கு ஒத்துப்போகுமாறு அமைத்திருக்கிறேன். 2014இல் வலைத் தரநிலைகளை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியம் (W3C) பரிந்துரைத்த அந்தத் தரநிலையின் 3ஆம் பதிப்பு 2024இல் வந்துவிட்டது. நாளை பெரிய மென்பொருளுக்கு மாற விரும்பினால் ஒரு வரிகூட வீணாகாது.

ஒவ்வொரு பதிவிலும் தலைப்பு, வெளியிட்ட அலுவலகம், எந்தக் காலத்துக்கான தரவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது, கோப்பு வடிவம், உரிமம், இணைப்பு ஆகியவை உண்டு. இவற்றோடு ‘கடைசியாகச் சரிபார்த்த நாள்’ என்று ஒரு கட்டத்தை நான் பிடிவாதமாகச் சேர்த்தேன். அட்டவணையின் உயிர் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. ஓர் அலுவலகம் தன் இணையதளத்தைப் புதிதாக வடிவமைத்த மறுநாள், அந்த அலுவலகத்துக்கு நாம் வைத்திருந்த இணைப்புகள் அனைத்தும் செத்துப்போயின. கோப்புகள் அழியவில்லை, வேறு முகவரிக்கு இடம் மாறியிருந்தன. ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்க எனக்கு ஒன்பது இரவுகள் ஆயின.

அதைவிடக் கவலை தந்தது வேறொன்று. ஒரு கோப்பு அதே முகவரியில், அதே பெயரில் இருந்தது. உள்ளே மட்டும் சென்ற ஆண்டின் எண்கள் மாறியிருந்தன. எந்த அறிவிப்பும் இல்லை. கோப்பைப் பதிவு செய்யும்போதே அதன் எஸ்எச்ஏ-256 (SHA-256) கைரேகையை, அதாவது உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் தானும் மாறிவிடும் கணக்கிட்ட குறியீட்டை, நாம் குறித்து வைத்ததால்தான் மாற்றம் தெரிந்தது. திருத்தம் சரியானதாகவே இருக்கலாம். ஆனால் பழைய எண்ணை நம்பிக் கட்டுரை எழுதியவருக்கு அது யார் மூலம் தெரியவரும்? இப்போது இரண்டு பிரதிகளையும் தேதியுடன் வைத்திருக்கிறோம்.

உரிமம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ திறந்த தரவுக்கு வகுத்த ஐந்து நட்சத்திர அளவுகோலின்படி, எவரும் மறுபயன்பாடு செய்ய அனுமதிக்கும் திறந்த உரிமத்துடன் இணையத்தில் இருந்தால் ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்புக்கும் 1 நட்சத்திரம் உண்டு. எக்செல் கோப்புக்கு 2, சிஎஸ்விக்கு 3. நம் பதிவுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் உரிமம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கோப்பு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அவை முதல் நட்சத்திரத்தையே எட்டவில்லை. இணையத்தில் கிடைக்கிறது என்பதாலேயே எவரும் மறுபயன்பாடு செய்யலாம் என்று பொருளல்ல. இதை நான் மூன்று சுற்றறிக்கைகளில் எழுதினேன். அப்படியிருந்தும் நம் உறுப்பினர் ஒருவர் காலியாக இருந்த உரிமக் கட்டங்கள் அனைத்திலும் ‘இலவசம்’ என்று நிரப்பிவிட்டார். உதவும் எண்ணத்தில்தான் செய்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தவறான பதிவு காலிக் கட்டத்தைவிடக் கேடானது. அவற்றை ‘குறிப்பிடப்படவில்லை’ என்று திருப்பி எழுதி, அலுவலகங்களுக்குக் கடிதம் அனுப்பினேன். சிலர் பதில் எழுதி உரிமத்தை அறிவித்தார்கள். அந்தப் பதில்களை இந்த ஆண்டின் சாதனையாகவே கருதுகிறேன்.

பழைய எழுத்துருக் குறியீட்டில் தட்டச்சான தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றியது, எக்செல்லில் திறந்த உடனே முன்பூச்சியம் உதிர்ந்துபோன குறியீட்டு எண்களை மீட்டது, 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று அலைந்தது, இவற்றை விரித்தால் நேரம் போதாது. பயனாளிகளின் தொலைபேசி எண்களோடு வெளியான ஒரு கோப்பைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். அதை அட்டவணையில் சேர்க்கவில்லை. உரிய அலுவலகத்துக்குத் தெரிவித்தோம், நீக்கிவிட்டார்கள். திறந்த தரவு என்பது அரசைத் திறப்பது. குடிமக்களின் வீட்டுக் கதவைத் திறப்பதல்ல.

இன்று அட்டவணையில் நானூறுக்குச் சற்று மேற்பட்ட பதிவுகள் உள்ளன. சென்ற பொதுக்குழுவில் சரிபார்ப்புப் பணிக்கு 32 பேர் கைதூக்கிப் பெயர் கொடுத்தீர்கள். முதல் காலாண்டில் 11 பேர் வந்தார்கள். கடைசிக் காலாண்டில் என்னையும் சேர்த்து 4 பேர். எவரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் குடும்பம் இருக்கிறது, வேலை இருக்கிறது. ஒரு பதிவைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். வர இயலாதவர்கள் ஒரு வரி எழுதித் தெரிவித்திருந்தால், அவர்களுடைய பங்கை வேறொருவருக்குக் கொடுத்திருப்பேன். காத்திருந்ததில் மூன்று துறைகளின் பதிவுகள் ஆறு மாதம் சரிபார்க்கப்படாமலே இருந்தன. அதற்கான பொறுப்பை ஏற்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, வரவு குறைந்தது, செலவு பெரும்பாலும் இணையதளப் பெயருக்கும் (டொமைன்) சேமிப்பிடத்துக்கும் ஆனது, கடன் ஏதுமில்லை. உறுப்பினர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் சந்தா நிலுவையில் உள்ளது; சிலருடையது இரண்டாம் ஆண்டாக. தளப் பெயரைப் புதுப்பிக்க வேண்டிய நாளில் கையிருப்பு போதாமல் நானே கட்டினேன். தொகையைத் திரும்பப் பெறுவதில் அவசரமில்லை. ஆனால் புதுப்பிக்கத் தவறியிருந்தால் நம் பதிவுகள் எல்லாம் ஒரே நாளில் முகவரி இழந்திருக்கும்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், தணிக்கையாளருக்கும், கூட்டத்துக்கு இடமளித்தவர்களுக்கும் நன்றி. கடைசிவரை வந்த மூவருக்கும் என் தனிப்பட்ட நன்றி.

வரும் ஆண்டில் செயலாளர் பொறுப்பிலும் அட்டவணைப் பொறுப்பிலும் ஒருவரே இருப்பது நல்லதன்று. நான் விலகத் தயங்கவில்லை. அட்டவணையை எப்படி நடத்துவது என்பதைப் படிப்படியாக எழுதி வைத்திருக்கிறேன். கடவுச்சொற்கள் முத்திரையிட்ட உறையில் தலைவரிடம் உள்ளன. எடுத்துக்கொள்ள ஒருவர் முன்வந்தால் முதல் ஆறு மாதம் பக்கத்திலிருந்து உதவுவேன். எவரும் முன்வராவிட்டால் நானே தொடர்வேன். அப்போது புதிய பதிவுகளை நிறுத்திவிட்டு, இருப்பவற்றைச் சரிபார்ப்பது மட்டுமே என்னால் இயலும்.

துறைவாரிச் சரிபார்ப்புத் தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது. குடிநீர், போக்குவரத்து, பள்ளிக்கல்வி ஆகியவற்றுக்கு எதிரே இன்னும் பெயர் இல்லை. சந்தாப் பதிவேடும் அங்கேயே இருக்கிறது. பொருளாளர் இரவு எட்டு மணிவரை இருப்பார்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பணியிலுள்ள,
செயலாளர்