யார் பாடியது சிறந்தது என்று கேட்குமுன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவனின் பாடல்களை யார் பாடியது சிறந்தது என்று சில வாரங்களாக இந்தப் பகுதியில் வாசகர்கள் எழுதி வருகிறார்கள். மதுரை மணி ஐயர் பக்கம் சிலர், டி.கே. பட்டம்மாள் பக்கம் சிலர். நல்ல வழக்குதான். ஆனால் அவரவர் கேட்டது எந்தப் பிரதி, அது சரியான வேகத்தில் ஓடுகிறதா என்பதை இதுவரை ஒருவரும் எழுதவில்லை. சுருதி கால் கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு) ஏறிப்போன பிரதியைக் கேட்டுவிட்டு ‘இவர் பாட்டில்தான் விறுவிறுப்பு’ என்று சொல்வது, பழுதான தராசில் மீன் நிறுத்த கதை.

முதலில் வேகம். நிமிடத்துக்கு 78 முறை சுழல வேண்டிய இசைத்தட்டை 80-இல் ஓடவிட்டால் வேகம் இரண்டரை விழுக்காடு கூடும். சுருதிக் கணக்கில் அது கால் கட்டைக்குக் கொஞ்சம் குறைவு. சாதாரணக் காது ‘குரல் இளமையாக இருக்கிறதே’ என்று மட்டும் நினைக்கும். கைவிசை கிராமபோனில் வேறு தொல்லை: சாவி போதாமல் போனால் தட்டு முடியும் தறுவாயில் சுருதி இறங்கிக்கொண்டே போகும். கேசட்டில் ரப்பர் பெல்ட் தளர்ந்தால் வேகம் குறையும். நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை பிசுபிசுத்தால் நீண்ட கார்வையில் (ஒரே ஸ்வரத்தில் நீட்டி நிற்கும் இடத்தில்) குரல் நடுங்கும். பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. பிரதி எடுத்த இயந்திரம் மெதுவாக ஓடியிருந்தால், அந்தக் கேசட்டை நல்ல இயந்திரத்தில் போடும்போது சுருதி ஏறித்தான் கேட்கும். உங்கள் இயந்திரத்தில் குறை இருக்காது, குறை கேசட்டிலேயே பதிந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கச் சங்கீத ஞானம் அதிகம் வேண்டாம். கைபேசியில் ஒரு டியூனர் செயலி போதும். தொடக்கத்தில் தம்புரா தனியாகக் கேட்கும் இடத்தையோ, பாடகர் ஷட்ஜத்தில் (‘ச’ ஸ்வரத்தில்) நின்று கார்வை கொடுக்கும் இடத்தையோ பிடியுங்கள். முள் இரண்டு ஸ்வரங்களுக்கு நட்டநடுவில் நின்றால் சந்தேகப்படலாம். உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். தம்புராவை அன்றைய தொண்டை நிலவரத்துக்கு ஏற்ப எங்கு வேண்டுமானாலும் சேர்ப்பார்கள். அதே பாடகரின் அதே காலத்துப் பதிவுகள் இரண்டு மூன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் துப்புக் கிடைக்கும். அசைக்க முடியாத சாட்சி இரண்டு இடத்தில் உண்டு. ஒரே கச்சேரித் துணுக்கில் தொடக்கத்துச் சுருதியும் முடிவுச் சுருதியும் வேறாக இருந்தால் நாடா அல்லது தட்டு ஓட்டத்தில் கோளாறு, ஐயமே வேண்டாம். ஒரே பதிவின் இரண்டு பிரதிகளில் முதல் எடுப்பிலிருந்து கடைசி மிருதங்கச் சொல் வரை ஒன்றில் 3 நிமிடம் 20 விநாடியும் மற்றொன்றில் 3 நிமிடம் 15 விநாடியும் வந்தால், இரண்டில் ஒன்றாவது பொய். அந்த 5 விநாடிதான் நான் மேலே சொன்ன 78, 80 கணக்கு.

கணினியில் சரிசெய்பவர்கள் ஒடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் வசதியை எடுக்க வேண்டும். சுருதியை மட்டும் இறக்கிக் காலப்பிரமாணத்தை (பாட்டின் வேகத்தை) அப்படியே விட்டால் இரட்டைப் பிழை ஆகும்.

அடுத்தது நீளம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3¼ நிமிடம்தான் பிடிக்கும். அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் வந்தாக வேண்டும். ஆலாபனை போய்விடும், சங்கதிகள் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவது) குறையும், இரண்டு சரணம் உள்ள பாட்டில் ஒன்று விழும், காலப்பிரமாணமும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். காபி ராகத்து ‘என்ன தவம் செய்தனை’ பாட்டை ஒரு 78 தட்டிலும் ஒரு கச்சேரி நாடாவிலும் கேட்டுவிட்டு, தட்டில் பாடியவர் அவசரப்பட்டார் என்று எழுதுவது நியாயமில்லை. அவசரப்பட்டது பதிவு செய்த மெழுகுத் தட்டு. 45 சுழற்சியில் ஓடும் ஏழு அங்குலத் தட்டு ஒரு பக்கத்துக்கு 6, 7 நிமிடம் தரும், எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டு) 20 நிமிடத்துக்கு மேல் தரும். ஒப்பிடுவதென்றால் தட்டைத் தட்டோடும் கச்சேரியைக் கச்சேரியோடும் வையுங்கள்.

சினிமாப் பாட்டுக்குத் தனி எச்சரிக்கை. ‘சிவகவி’ (1943), ‘ஹரிதாஸ்’ (1944) போன்ற படங்களுக்குச் சிவன் எழுதி எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடியவை நம் மலேசியத் தோட்டத்துத் திருவிழா ஒலிபெருக்கிகளில் பல காலம் முழங்கியவை. அந்தக் காலத்தில் படத்துக்குப் பாடியது வேறு, கிராமபோன் தட்டுக்கென்று தனியாகப் பாடியது வேறு என்பது சாதாரணம். ‘ஒரிஜினல்’ என்று போட்டிருப்பதை வைத்து எது எதுவென்று சொல்ல முடியாது. பின்னணி வாத்தியங்களையும் நேரத்தையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

கையில் இருப்பது எந்தப் பதிவு என்று எப்படித் தெரியும்? எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன் எதுவானாலும் லேபிளில் அச்சிட்ட எண் விற்பனைக்கான எண். லேபிளுக்கும் கடைசி வரிப்பள்ளத்துக்கும் இடையே வழவழப்பான ஒரு வட்டம் இருக்கிறதல்லவா, அங்கே பொடியாக இன்னொரு எண் இருக்கும். டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் கண்ணில் படும். அதுதான் மேட்ரிக்ஸ் எண். விற்பனை எண் மாறி, லேபிள் நிறம் மாறி, மேட்ரிக்ஸ் எண் மட்டும் அதே என்றால் இரண்டும் ஒரே பதிவுதான். இரண்டாவதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை, முதலாவது தேய்ந்திருந்தால் ஒழிய. பினாங்கு, ஈப்போ கடைகளின் ரப்பர் முத்திரை உறையில் இருந்தால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தட்டு எந்த வழியாக இங்கே வந்தது என்பதற்கு வேறு சான்று கிடையாது.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்ற கேசட்டுகளின் அட்டையை நம்பவே கூடாது. கண்ணன் பாட்டென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஊத்துக்காடு வேங்கடகவி இயற்றியது என்று போட்டுவிடுவார்கள். சிவன் தம் பாட்டுக்குள் வைக்கும் அடையாளப் பெயர், அதாவது முத்திரை, ‘ராமதாசன்’. ஆனால் எல்லாப் பாட்டிலும் முத்திரை வராது, வரும் பாட்டிலும் அந்தச் சரணத்தைப் பாடாமல் விட்டிருக்கலாம். ஆகவே முத்திரை காதில் விழவில்லை என்பதற்காகச் சிவன் பாட்டு இல்லை என்று ஒதுக்க முடியாது. அவர் பாடல்கள் அச்சான ‘கீர்த்தனை மாலை’ தொகுதிகளில் பார்த்து உறுதி செய்வதே வழி.

புதிதாகச் சேர்ப்பவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்றால், பட்டம்மாள், அவர் தம்பி டி.கே. ஜெயராமன் இருவரிடமிருந்தும் தொடங்குங்கள் என்பேன். இருவரும் சிவனிடமே நேரில் பாடம் செய்தவர்கள். நவரச கன்னடா ராகத்தில் ‘நான் ஒரு விளையாட்டு பொம்மையா’ பாட்டை இவர்கள் குரலில் முதலில் கேட்டுப் பாடாந்தரத்தை (பாடம் சொல்லிக்கொடுத்தபடி பாடும் முறையை) மனத்தில் பதித்துக்கொண்டால், பிறகு வருபவர்கள் எங்கே சேர்த்தார்கள், எங்கே விட்டார்கள் என்பது தானாகத் தெரியும். வராளி ராகத்தில் ‘கா வா வா’ பாட்டுக்கு இந்த முறை இன்னும் பொருந்தும். வராளியைக் குரு சீடனுக்கு நேரில் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று ஒரு நம்பிக்கை உண்டே. இசைத்தட்டுக்கு அந்தத் தோஷம் கிடையாது.

மோகனத்தில் ‘காபாலி’க்கு வருவோம். 1968-இல் மறைந்த மணி ஐயர் இதைப் பாடிய கச்சேரிப் பதிவுகள் ஒன்றுக்கு மேல் உலவுகின்றன. பிரதியெடுத்தவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிடுகிறார்கள். பிரித்தறிய ஸ்வரப் பகுதிக்கு நேராகப் போங்கள். சர்வலகுவாக (தாளத்தோடு சீராக) ஸ்வரம் ஓடும்போது வயலின் எந்த இடத்தில் பதில் சொல்கிறது, மிருதங்கம் எங்கே நிறுத்துகிறது என்று ஒரு நிமிட அளவுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். கல்பனா ஸ்வரம் (மேடையிலேயே கற்பனையாகப் பாடும் ஸ்வரம்) இரண்டு கச்சேரியில் ஒரே மாதிரி வராது. வந்தால் அது ஒரே நாடா. பின்னால் துணைக்குரல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மணி ஐயரின் சகோதரி மகன் டி.வி. சங்கரநாராயணன் பிறந்தது 1945-இல். அந்த இளங்குரல் தெளிவாகப் பின்தொடர்ந்தால் அந்தக் கச்சேரியை 1950களின் தொடக்கத்துக்குக் கொண்டுபோக முடியாது.

இனி நம் ஊர்ப் பாடு. சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும். பூஞ்சைக்கு இதைவிட என்ன வேண்டும்? கேசட் ஜன்னல் வழியே பார்க்கும்போது நாடாச் சுருளின் மேல் வெள்ளையாகத் தூசி படர்ந்ததுபோல் தெரிந்தால் அதைப் பிளேயரில் போடாதீர்கள். அந்தப் பூஞ்சை ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் பகுதியில்) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தாவும். நல்லதாகத் தெரிவதையும் ஒரு முறை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றிவிட்டுத்தான் கேட்க வேண்டும். ஒட்டிக்கொண்ட அடுக்குகள் பிரியும். ஒலி மங்கினால் நாடாவுக்குப் பின்னால் உள்ள சிறிய கம்பளித் திண்டு இருக்கிறதா பாருங்கள். தகரக் கூரை வெப்பத்தில் அதன் பசை காய்ந்து விழுந்திருக்கும். ஐந்து திருகாணி போட்ட கூடு என்றால் வேறு கேசட்டின் திண்டை மாற்றலாம். ஒட்டி மூடிய கூட்டைக் கத்தியால் விளிம்பில் பிளக்க வேண்டியிருக்கும். திண்டு சரியாக இருந்தும் மங்கல் என்றால், டால்பி (இரைச்சல் குறைக்கும் வசதி) பொத்தானை அணைத்துப் பாருங்கள். அப்புறம் ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள சிறு திருகாணியை இம்மி இம்மியாகத் திருப்பி, ‘ச’, ‘ஷ’ ஒலிகளும் தம்புராவின் ரீங்காரமும் துலங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

78 தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பவர்களை என்ன சொல்வது! அது அரக்கு; ஆல்கஹாலில் கரையும். ஹார்ட்வேர் கடையில் கார் பேட்டரிக்கு விற்கும் தண்ணீர் (ஆசிட் அல்ல, தண்ணீர்) அரை லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, லேபிள் நனையாமல், மென்மையான தூரிகையால் வரிப்பள்ளம் போகும் போக்கிலேயே வட்டமாகத் தேயுங்கள். வெறும் பேட்டரித் தண்ணீரால் அலசி, நிழலில் நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். எல்.பி. ஊசியால் 78 தட்டை ஓட்டாதீர்கள். எல்.பி. ஊசியின் முனை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. 78-க்கு வேண்டியது ஆயிரத்தில் மூன்று பங்கு. சிறிய முனை பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து அங்குள்ள குப்பையைத்தான் வாசிக்கும்.

கணினியில் ஏற்றும்போது வேவ் கோப்பாக, எதையும் நீக்காமல் ஒரு பிரதி முதலில் எடுத்து ஒதுக்கிவிடுங்கள். இரைச்சல் நீக்கும் வேலையை வேறு பிரதியில் செய்யுங்கள். இரைச்சலோடு முதலில் போவது தம்புரா, அடுத்தது மிருதங்கத்தின் சாப்பு. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். 25 தட்டு ஏறக்குறைய 5 கிலோ இருக்கும், அடியில் உள்ளது கீறும் அல்லது உடையும். கேசட்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, ஈரப்பதம் 40இலிருந்து 50 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று ஒரு சிறு மானியால் பார்த்துக்கொள்ளலாம். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். சமையலுக்கு எடுக்காத வாணலியாக இருக்கட்டும்.

தோட்டத்து லயங்கள் (தொழிலாளர் வீட்டு வரிசைகள்) காலியாகும்போதும் கோயில் ஸ்டோர் அறையைச் சுத்தம் செய்யும்போதும் இவை பழைய சாமான் லோரிக்குத்தான் போகின்றன. கோயில் நிர்வாகத்தினரும் மன்றத்தினரும் லோரியைக் கூப்பிடுமுன் ஒவ்வொரு தட்டின் லேபிளையும், டார்ச்சைச் சாய்த்து மேட்ரிக்ஸ் எண்ணையும், உறையின் கடை முத்திரையையும் கைபேசியில் மூன்று படம் எடுத்து வைத்தால் போதும். தட்டு போய்விட்டாலும், எந்தப் பதிவு இந்த ஊரில் இருந்தது என்று பார்த்து வேறு இடத்தில் தேடிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.