அந்தப் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் படமெடுத்து வையுங்கள்

தமிழ்நாட்டின் ஆயர் பெருமக்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் தோத்திரம்.

கோயிலில் கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கவோ பாஸ்போர்ட் வாங்கவோ யாராவது சான்றிதழ் கேட்டால்தான் பங்கு அலுவலகத்தில் பழைய பதிவேடு வெளியே வருகிறது. வேண்டிய ஒரு வரியை எழுதிக் கொடுத்ததும் மறுபடி பீரோவுக்குள் போய்விடுகிறது. அந்த வரிக்கு மேலும் கீழும் ஊரே இருக்கிறது.

வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டியைப் போன்ற ஒரு கரிசல் ஊரின் வரலாற்றை எழுத உட்காருங்கள். தாலுகா அலுவலகத்தில் கிடைப்பது பட்டாதாரர்களின் பெயர்தான். நிலமில்லாதவன் அங்கே இல்லை; பருத்திக் காட்டில் களையெடுத்தவள் இல்லவே இல்லை. பங்குப் பதிவேட்டில் அவள் இருக்கிறாள். தன் பிள்ளைக்குத் தாயாக ஓரிடத்தில், அடுத்த வீட்டுப் பிள்ளையின் ஞானஸ்நானத்தில் துணைநின்ற ஞானத்தாயாக இன்னோரிடத்தில். ஞானப்பெற்றோரின் பெயர்களைக் கோத்துப் பார்த்தாலே யார் யாருக்கு வேண்டியவர்கள் என்பது விளங்கிவிடும். (பழைய பதிவுகள் லத்தீனில் இருந்தால் ராயப்பன் அங்கே பெத்ருஸ் ஆகியிருப்பார், நாலு பக்கம் படித்தால் பழகிவிடும்.)

பிறப்பு, இறப்புப் பதிவுக்கு நாடு முழுவதற்குமான கட்டாயச் சட்டம் 1969-இல்தான் வந்தது. 1876–78 தாது வருஷப் பஞ்சம் ஒரு சிற்றூரை என்ன செய்தது என்று வீடு வீடாகப் பார்க்க ஞானஸ்நான ஏட்டையும் இறப்பு ஏட்டையும் விட்டால் வேறு வழி அரிது. ஓரக்குறிப்புகளையும் சொல்ல வேண்டும். ஒருவரின் திருமணத்தை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்ற விதி 1908-இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர் எந்தக் கோயிலில் தாலி கட்டினார் என்பது அங்கே கிடைக்கலாம்.

பழைய ஏடுகளைக் கவனமாகப் பேணச் சொல்வது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் பிரிவு. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. கரையான் மட்டும் எதிரி அல்ல. பழைய இரும்பு மை தாளையே அரித்துவிடும்; எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவிலேயே ஓட்டை விழும். நல்லெண்ணத்தோடு செய்யும் லேமினேஷனும் செல்லோடேப்பும் அதைவிடக் கெடுதல்.

சாதி எழுதிய பதிவுகள் உண்டு, தகப்பன் பெயர் இல்லாத பதிவுகள் உண்டு. ஊர்ச் சண்டைக்கு ஆயுதமாகும் என்ற உங்கள் தயக்கம் நியாயமே. கடைசி நூறு ஆண்டுகளை மூடியே வையுங்கள். அதற்கு முந்தையதைப் படமெடுத்து ஒரு பிரதியை மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் வைத்து, கேட்டு வருபவர்களுக்குக் காட்டுங்கள். நல்ல செல்போனும் ஒரு ஸ்டாண்டும் லத்தீன் தெரிந்த ஓய்வுபெற்ற குரு ஒருவரும் போதும். பல பங்குகள் சேர்ந்த மறைவட்டத்துக்கு ஒரு பங்காக, இருப்பதிலேயே பழைய ஏட்டிலிருந்து, இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு கரிசல் காட்டுப் பங்கின் விசுவாசி