பெருங்காய டப்பாவை எடுத்துப் பார், மகளே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கோதுமையை விட்டு இத்தனை மாதமாகியும் வயிறு உப்புகிறது, சாப்பிட்டதும் வயிற்றைப் புரட்டுகிறது, பேசாமல் பழையபடி சப்பாத்தியே தின்றுவிடலாமா என்று நேற்று போனில் கேட்டாய். அதை மட்டும் செய்துவிடாதே அம்மா. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் உன் சீலியாக் நோய்க்கு அந்தப் பத்தியம்தான் மருந்து. நெதர்லாந்தில் 1944-45 பஞ்சத்தின்போது ரொட்டி கிடைக்காமல் போனதும் இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நலிந்தார்கள். வில்லம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கோதுமைதான் காரணம் என்று 1950-இல் ஆய்வேடே எழுதினார். உன் உடம்புக்கும் அதே கணக்குதான்.

தொந்தரவு நீடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, தெரியாமல் உள்ளே போகும் குளூட்டனை. உன் சமையலறையில் இருக்கும் பெருங்காய டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார். 'கூட்டுப் பெருங்காயம்' என்று இருந்தால், கீழே பொடி எழுத்தில் மைதா அல்லது கோதுமை மாவு என்று பெரும்பாலும் போட்டிருக்கும். கட்டியாக விற்பதும் விதிவிலக்கல்ல. நம் வீட்டில் சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் எதுவும் அது இல்லாமல் இல்லையே! அரிசி மாவு பிசைந்த பெருங்காயம் கடையில் கிடைக்கிறது. அதுவும் லேபிளைப் படித்துவிட்டுத்தான். ஓட்டல் சாம்பாரை இப்போதைக்கு மறந்துவிடு. சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. மால்ட் சேர்த்த சத்துபானம் என்றால் அதில் இருப்பது பார்லி, அதிலும் குளூட்டன் உண்டு.

இன்னொன்று, மாவு மில். இங்கே கோதுமை அரைத்த கையோடு அதே இயந்திரத்தில் அடுத்தவர் அரிசியைக் கொட்டுகிறார்கள். டெல்லியிலும் அப்படித்தான் நடக்கும். இடியாப்பத்துக்கு அரிசியை வீட்டு மிக்சியிலேயே அரைத்துக்கொள். உன்னோடு தங்கியிருக்கும் பெண்கள் சப்பாத்தி சுடும் கல்லில் நீ தோசை வார்க்காதே. உனக்கென்று தனிக் கல் வாங்கிக்கொள். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், எடுத்துச் சொல்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வயிறு அடங்கவில்லை என்றால், பாலைக் கவனி. சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் நுண்விரல்கள் இந்த நோயில் மாடு மேய்ந்த நாற்றங்கால்போல மழுங்கிவிடுகின்றன. பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி அவற்றின் நுனியில்தான் இருக்கிறது. அதனால் இரண்டு வேளை காபியும் இரவுப் பாலும் உன்னைப் படுத்தலாம். சில வாரம் பாலை நிறுத்திப் பார். தயிர் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. குடல் ஆறியபின் பாலும் பலருக்கு ஒத்துக்கொள்ள ஆரம்பிக்கும். பெரியவர்களுக்குக் குடல் ஆற ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகிறது. கொஞ்சம் பொறு, கண்ணே.

ஆனால் டாக்டரிடம் போகாமல் பொறுக்காதே. இந்த நோயில் ரத்தத்தில் கூடும் எதிர்ப்பொருளை அளக்கும் டிடிஜி பரிசோதனையை மறுபடி எடுக்கச் சொல். அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரும்புச்சத்தையும் வைட்டமின் டி-யையும் சேர்த்துப் பார்க்கச் சொல். குடலில் கிருமிகள் பெருகினாலும், கணையம் சரியாகச் சுரக்காவிட்டாலும் இதே தொல்லை வரும். அதற்குச் சிகிச்சை வேறு. எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வயிற்றுப்போக்கு இருந்தாலோ அன்றைக்கே போ.

என்னென்ன சாப்பிட்டாய், எப்போது வலித்தது என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போ. பார்த்துவிட்டு வந்ததும், எந்நேரமானாலும் எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அப்பா