பலகையில் இல்லாத பெயர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ப் பழைய ரப்பர் ஆலை கல்லூரியான கதையைச் சென்ற ஞாயிறு மலரில் படித்தேன். செங்கல் சுவரையும் உயர்ந்த கூரையையும் கட்டுரையாளர் ரசித்து எழுதியிருக்கிறார். இடிக்காமல் விட்டதற்கு எனக்கும் நன்றியுண்டு. ஆனால் உள்ளே உழைத்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கல்லூரி வாசல் பலகையிலும் கம்பெனியின் பெயர், துரைமார் பெயர், அவ்வளவுதான்.

எங்களுக்கு அது 'ஸ்டோர்'. அங்கே படிக்கும் என் பேத்தி, "நூலகத்து உத்தரங்களில் ஏன் பாட்டி இவ்வளவு கரி?" என்று கேட்டாள். நூலகம்தான் அன்றைய புகைவீடு.

விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, மரம் சீவியவர்கள் கொண்டுவந்த பாலை நிறுத்து, வடிகட்டி, தண்ணீரும் ஃபார்மிக் அமிலமும் கலந்து தொட்டியில் உறைய விடுவார்கள். உறைந்த கட்டி உருளைகளில் நசுங்கி, கடைசி உருளையில் வரிவரியாகத் தடம் பதிந்து சீட்டாக வரும். பிறகு ஏறத்தாழ 60 டிகிரி சூட்டில், புகையில், சில நாள் தொங்கும். சூடு மிஞ்சினால் சீட்டு கொப்புளிக்கும். குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் விறகு தள்ள ஒருவர் இரவெல்லாம் விழித்திருப்பார். காய்ந்த சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பட்டைத் துணுக்கு தெரிந்தால் கத்தரியால் வெட்டியெடுப்பது பெண்களின் வேலை. என் அம்மா அதைத்தான் செய்தார். அவர் சேலையில் இருந்த புகை நெடி எத்தனை முறை துவைத்தாலும் போனதில்லை.

ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. ஸ்டோரை மூடினார்கள், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக் காலி செய்தோம்.

1877இல் நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாகி இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது. மரத்துக்கு அந்த மரியாதை தகும். அதைச் சீவிப் பிழைத்தவர்களுக்கும் தகும் என்றே கேட்கிறேன்.

கல்லூரியின் பின்புறம், வாகனம் நிறுத்துமிடத்தருகே உருளை இயந்திரம் ஒன்று மழையில் துருப்பிடிக்கிறது. அதை நூலகத்துக்குள் வையுங்கள். வேலை செய்தவர்களின் பெயர்களை மலாயிலும் தமிழிலும் பலகையில் எழுதுங்கள். தோட்டத்துக் கணக்கராக இருந்த பழைய கிராணி வீட்டில், ஆட்களின் பெயரும் வேலைநாளும் பதிந்த செக்ரோல் புத்தகம் ஒன்று இருக்கிறது, தரவும் சம்மதித்திருக்கிறார்கள். மாணவர்கள் வந்து கேட்டால் சொல்ல, ஸ்டோரில் வேலை பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்து 7 பேர் இருக்கிறார்கள். மூத்தவருக்கு வயது 89. அவரை நானே அழைத்து வருகிறேன். சக்கர நாற்காலி ஏற வாசலில் ஒரு சரிவுப்பாதை மட்டும் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்டோர்க்காரி ஒருவரின் மகள்,
பேராக், மலேசியா.