ஷிப்பிங் பில்லில் யார் பெயர்?

மதுரை,
11.1.2026

அன்புள்ள சுந்தரத்துக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு நீயும் தங்கையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கதிரவன் புனே வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து முருங்கை இலைப் பொடி ஏற்றுமதி செய்ய நினைக்கிறான் என்றும், ஏற்றுமதிக்கும் உள்நாட்டு உற்பத்திக்கும் அரசு இத்தனை திட்டங்களை அறிவித்திருக்கும்போது அவற்றை நம்பி இறங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் அமர்ந்து ஏற்றுமதி ஆவணங்களைப் படித்தே பணி ஓய்வு பெற்றவன் நீ. அந்த ஆவணங்களில் வரும் சரக்கைக் கப்பலூரில் செய்து அனுப்புகிறவன் நான். என் பக்கத்திலிருந்து தெரிவதை விரிவாகவே எழுதுகிறேன்.

திட்டங்கள் உண்மையானவை, அவற்றுக்கு ஒதுக்கப்பட்ட பணமும் உண்மையானது. ஆனால் ஏற்றுமதிக்கென்று அரசு தரும் சலுகைகளில் பெரும்பாலானவை, சுங்கத்துறையிடம் கொடுக்கும் ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில்லில் ஏற்றுமதியாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் போய்ச் சேர்கின்றன. நம் பக்கத்தில் சரக்கைச் செய்கிறவர்களில் பலருடைய பெயர் அந்த இடத்தில் இல்லை. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுக் கட்டும் வீடுகளும், உசிலம்பட்டிப் பக்கத்து மல்லிகை விவசாயியும், கப்பலூரிலும் கோ.புதூரிலும் ரப்பர், பிளாஸ்டிக், இரும்புச் சாமான்கள் செய்யும் சிறு பட்டறைகளும் சென்னையிலோ கொச்சியிலோ தூத்துக்குடியிலோ இருக்கும் ஒரு வணிகருக்கு விற்பதோடு நின்றுவிடுகிறோம். கதிரவன் முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

என் தொழிலையே எடுத்துக்கொள். நான் செய்யும் ரப்பர் வாஷர்களும் மேட்டுகளும் ஒரு வணிக ஏற்றுமதியாளர் வழியாக மேற்காசியாவுக்குப் போகின்றன. அவருக்கு 0.1 விழுக்காடு ஜி.எஸ்.டி. போட்டு பில் எழுதுகிறேன். அவர் 90 நாளுக்குள் சரக்கை ஏற்றுமதி செய்து, என் ஜி.எஸ்.டி. எண்ணையும் பில் எண்ணையும் ஷிப்பிங் பில்லில் காட்ட வேண்டும். ரப்பருக்கும் ரசாயனங்களுக்கும் நான் கட்டிய வரி என் கணக்கில் தேங்கி நிற்கும். அதைத் திரும்பப் பெற விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அதே சரக்குக்கு உரிய டிராபேக் தொகையும் (மூலப்பொருளுக்குக் கட்டிய சுங்க வரியைத் திருப்பித் தருவது) ரோட்டெப் வரவும் வணிகரின் கணக்கில் ஏறும். அவர் செய்வதைக் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் வாங்குபவரைத் தேடிப் பிடித்தவரும், பணம் வராமல் போனால் நட்டப்படுபவரும் அவரே. ஆனால் ரோட்டெப் திட்டத்தின் நோக்கத்தை எண்ணிப் பார். 2021 ஜனவரி முதல் நடப்பிலிருக்கும் இத்திட்டம், ஜி.எஸ்.டி.யில் கழிக்க முடியாத மின்சார வரி, டீசல் மீதான மாநில வரி போன்றவற்றைத் திருப்பித் தருவதற்காக வந்தது. அந்த மின்கட்டணத்தையும் டீசல் செலவையும் கொடுத்தது என் பட்டறை. அந்தத் தொகை விலையில் கலந்து எனக்கு வந்துவிடும் என்பது திட்டம் வகுத்தவர்களின் கணக்காக இருக்கலாம். ஒரே ஒரு வணிகரை நம்பியிருக்கும் பட்டறைக்கு அப்படி விலை பேசும் வலிமை கிடையாது.

ரோட்டெப் பிறந்த கதை உனக்குத் தெரிந்ததுதான். அதற்கு முன்பிருந்த எம்.இ.ஐ.எஸ். திட்டம் ஏற்றுமதி மதிப்பில் ஒரு பங்கை ஊக்கத்தொகையாகவே கொடுத்தது. அமெரிக்கா தொடுத்த வழக்கில், அது விதிகளுக்கு முரணான மானியம் என்று 2019 அக்டோபரில் உலக வர்த்தக நிறுவனத்தின் குழு தீர்ப்பளித்தது. தனிநபர் தேசிய வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 1,000 டாலரைத் தாண்டிய நாடு அத்தகைய மானியம் தரும் உரிமையை இழந்துவிடும் என்பது விதி. இந்தியா அந்த வரம்பைத் தாண்டியிருந்தது. ஆகவே இனி எந்த அரசு வந்தாலும், நேரடியாகக் கையில் பணம் கொடுத்து ஏற்றுமதியை வளர்ப்பதற்குப் பெரிய வழி இல்லை. செலவைக் குறைப்பதும், தடையை நீக்குவதும், பணத்தை நேரத்துக்கு வரவைப்பதும்தான் மீதியிருக்கும் வழிகள். அவை மூன்றிலுமே சிறு உற்பத்தியாளரை மனத்தில் வைத்து வேலை நடக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

உள்நாட்டு உற்பத்திக்கு வருகிறேன். 2014 செப்டம்பரில் மேக் இன் இந்தியா தொடங்கியது. 2020 முதல் உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகை 14 துறைகளுக்கு, ஏறத்தாழ 1.97 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் வந்தது. கைபேசித் தொழிலில் அது பலன் தந்ததைக் கண்ணாரக் காண்கிறோம். தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2020-21இல் 1.66 பில்லியன் டாலராக இருந்து 2024-25இல் 14.65 பில்லியன் டாலராக உயர்ந்தது. அதில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் பங்கு பெரிது. அங்கே வேலை பார்க்கும் நம் தென்மாவட்டப் பெண்பிள்ளைகளை நினைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அதே திட்டம் ஜவுளிக்கு வந்தபோது என்ன ஆயிற்று? செயற்கை இழைத் துணிக்கும் தொழில்நுட்ப ஜவுளிக்கும் மட்டும் என்றார்கள். ஒரு பிரிவுக்குக் குறைந்தது 300 கோடி, இன்னொன்றுக்கு 100 கோடி முதலீடு வேண்டும் என்றார்கள். சென்ற அக்டோபரில் அந்த வரம்புகளைப் பாதியாகக் குறைத்தார்கள். பாதியாக்கிய 50 கோடியும் பருத்தியை நம்பி வாழும் இந்த வட்டாரத்துத் தறிக்காரருக்கோ தையல் கூடத்துக்கோ எட்டாத தொலைவு. விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் வரவிருக்கும் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவின் மீது எனக்கு இதைவிட அதிக நம்பிக்கை உண்டு. சாயக்கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் சிறியவனும் பெரிய ஆர்டரை ஏற்க முடியும்.

கையில் பணமே கொடுக்காமல் அரசு செய்த ஓர் உதவியையும் சொல்ல வேண்டும். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலை மலிவான இறக்குமதி லைட்டர்கள் நசுக்கிக்கொண்டிருந்தன. 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது. உதிரிபாகமாகக் கொண்டுவந்து பூட்டும் வழியையும் 2024இல் அடைத்தார்கள். முதலீட்டு வரம்பு, போர்ட்டல், விண்ணப்பம் எதுவும் தேவைப்படவில்லை. தொழில் செய்கிறவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டதே போதுமானதாக இருந்தது.

எங்கள் ரப்பர்த் தொழிலில் அந்தக் காது இன்னும் திறக்கவில்லை. இயற்கை ரப்பர் இறக்குமதிக்கு 25 விழுக்காடு அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது வரி. 2023 பட்ஜெட்டில் கலவை ரப்பருக்கும் அதே அளவு வரி விதித்தார்கள். ஆனால் 2010இல் நடப்புக்கு வந்த ஆசியான் ஒப்பந்தத்தின்படி, ரப்பரில் செய்து முடித்த பொருள்கள் பல வரியே இல்லாமலோ மிகக் குறைந்த வரியிலோ உள்ளே வருகின்றன. மூலப்பொருளுக்கு அதிக வரியும் முடிந்த பொருளுக்குக் குறைந்த வரியும் இருந்தால் இங்கே பட்டறை நடத்துவதைவிட இறக்குமதி செய்து விற்பது லாபம் என்று ஆகிவிடுகிறது. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் ரப்பர் பால் எடுக்கும் விவசாயியின் விலையைக் கெடுக்கும்படி நான் கேட்கவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஏற்றுமதிக்காக வரியின்றி மூலப்பொருள் கொண்டுவரும் அட்வான்ஸ் ஆத்தரைசேஷன் முறை ஏற்கெனவே உள்ளது. ஒரு கண்டெய்னர் ரப்பரைத் தனியாக வாங்க முடியாத பட்டறைகள் ஒன்றுசேர்ந்து, தங்கள் சங்கத்தின் பெயரில் வாங்கிப் பகிர்ந்துகொள்ள எளிமையான வழி செய்தால் எங்களுக்கு அதுவே பெரிய உதவி. இழைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணைகளிலும் இப்படித்தான் நடந்தது. வெளிநாட்டு மலிவுச் சரக்கைத் தடுக்கிறோம் என்று மூலப்பொருளுக்குக் கட்டாயச் சான்று கேட்டதில் நூற்பாலைகளும் நெசவாளர்களும்தான் சிரமப்பட்டார்கள். பாலியஸ்டருக்கும் விஸ்கோசுக்குமான ஆணைகளைச் சென்ற நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். நல்ல காரியம்; அதற்குள் ஆண்டுகள் போய்விட்டன.

பணம் நேரத்துக்கு வருவதைப் பற்றி உன்னிடம் மனம் திறந்தே சொல்கிறேன். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கில் கூட்டுவட்டி. சட்டம் அப்படி இருந்தாலும், தன்னிடம் வாங்கும் நிறுவனத்தின்மீது புகார் கொடுத்துவிட்டு அடுத்த ஆர்டருக்கு அதே வாசலில் போய் நிற்க யாருக்குத் துணிவு வரும்? வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த 43பி(எச்) பிரிவு, நேரத்துக்குக் கொடுக்காத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது என்றபோது, புகார் கொடுக்காமலேயே பணம் வரும் என்று நாங்கள் மகிழ்ந்தோம். ஓரளவு வரவும் செய்தது. ஆனால் என்னிடம் வாங்கும் ஒரு பெரிய நிறுவனம், சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்திருக்கும் உத்யம் பதிவை விட்டுவிட்டால் ஆர்டர் தொடரும் என்று வாய்மொழியாகச் சொல்லிப் பார்த்தது. நான் விடவில்லை, ஆர்டர் குறைந்தது. நல்ல சட்டம் ஒன்று சிறியவனைக் காப்பதற்கு, வாங்குபவர் நாலைந்து பேராவது அவனுக்கு இருக்க வேண்டும் என்பதை அதில்தான் கண்டேன். வெளிநாட்டு வாங்குபவர் ஒருவரை நேரடியாகப் பிடிப்பது அதனாலேயே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போடும் இறக்குமதி வரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். சென்ற ஆகஸ்ட் 27 முதல் 50 விழுக்காடாகிவிட்ட பிறகு திருப்பூரிலும் கரூரிலும் ஆர்டர்கள் தள்ளிப்போய், அதன் அடி மதுரை வட்டாரத்துத் தையல் கூடங்கள் வரை விழுந்தது. மத்திய அரசு பருத்தி இறக்குமதிக்கான 11 விழுக்காடு வரியை நீக்கியது. அந்தச் சலுகை டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. நவம்பரில் 25,060 கோடி ரூபாயில் ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கத்துக்கும், 20,000 கோடி ரூபாய் வரையிலான கடன் உத்தரவாதத்துக்கும் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2024 டிசம்பருடன் நின்றுபோன வட்டிச் சலுகை இதன் வழியாகத் திரும்ப வருவது பெரிய ஆறுதல். இங்கிலாந்துடன் சென்ற ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அது நடப்புக்கு வந்தால் ஆயத்த ஆடைக்குப் புதிய சந்தை திறக்கும். ஒரே நாட்டை நம்பியிருந்ததன் விலையைச் சென்ற ஆண்டு நாம் கொடுத்திருக்கிறோம்.

இனி கதிரவனின் காரியம். சரக்கு நல்ல சரக்கு. ஊரும் பொருத்தமான ஊர். உலகெங்கும் பயிராகும் பி.கே.எம்.1 முருங்கை நம் பெரியகுளத்தில் பிறந்தது. மதுரையை மையமாக வைத்து, தேனி, திண்டுக்கல் உள்ளிட்ட ஏழு மாவட்டங்களை முருங்கைக்கான சிறப்பு ஏற்றுமதி மண்டலமாக மாநில அரசு அறிவித்துள்ளது. ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண்ணை 500 ரூபாய்க் கட்டணத்தில் இணையவழியிலேயே வாங்கிவிடலாம். கடினமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. சென்ற ஆண்டு அமெரிக்காவில் பரவிய சால்மோனெல்லா தொற்று ஒன்றை இந்தியாவிலிருந்து போன முருங்கை இலைப் பொடியுடன் தொடர்புபடுத்தினார்கள். அது முதல் எந்த வாங்குபவரும் ஒவ்வொரு தொகுதிக்கும் பரிசோதனைச் சான்று கேட்கத்தான் செய்வார். பூச்சிமருந்து எச்சம் விவசாயியின் கையில் இருக்கிறது. கிருமி, இலையைக் கழுவும் நீரிலும் உலர்த்தும் இடத்திலும் இருக்கிறது. ஆகவே அவன் விளம்பரத்துக்கும் இணையதளத்துக்கும் வைத்திருக்கும் பணத்தை உலர்த்தும் கூடத்துக்கும் பரிசோதனைக்கும் மாற்றிக்கொள்ள வேண்டும். நம் மாவட்டத்துக்கு அரசு ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டால், வெளிநாட்டவர் ஏற்கும் சான்று தரும் பரிசோதனைக்கூடம் ஒன்றைச் சிறியவர்கள் தாங்கக்கூடிய கட்டணத்தில் இங்கேயே நடத்தச் சொல்வேன். சுங்குடிக்கு 2005லும் மல்லிகைக்கு 2013லும் புவிசார் குறியீடு வாங்கினோம். கைத்தறிக்காக மதுரை ஏற்றுமதிச் சிறப்பு நகரம் என்ற பெயரையும் பெற்றிருக்கிறது. பெயருக்குக் குறைவில்லை, அதைக் காப்பாற்றும் சான்றும் சோதனையும்தான் குறைகின்றன.

இன்னொன்று. ஷிப்பிங் பில்லில் சரக்கு எந்த மாநிலத்தில், எந்த மாவட்டத்தில் உருவானது என்று குறிப்பிடுவது 2020 பிப்ரவரி முதல் கட்டாயம். வணிகர்கள் அதைச் சரியாக நிரப்பினால்தான் மதுரையின் உழைப்பு மதுரைக் கணக்கில் ஏறும். மாவட்டங்களை ஏற்றுமதி மையங்களாக்கும் திட்டத்துக்கு அந்தக் கணக்குதானே ஆதாரம். கதிரவன் தொடக்கத்தில் யார் வழியாக விற்றாலும் இதை எழுதி வாங்கிக்கொள்ளட்டும். முதல் ஆண்டில் சிறு தொகுதி ஒன்றையாவது தன் பெயரிலேயே அனுப்பிப் பழகட்டும். அளவு சிறியதாக இருந்தாலும் ஆவணம் முழுவதும் அவன் கையால் நடக்க வேண்டும்.

பொங்கல் கழிந்து வருவதாக எழுதியிருந்தாய். அவனையும் அழைத்து வா. வாடிப்பட்டிப் பக்கம் இலை உலர்த்தும் ஒருவரை எனக்குத் தெரியும், போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வரும்போது, புதிய ஏற்றுமதியாளருக்குச் சரக்கு அனுப்புமுன் தரும் கடனுக்கு வங்கிகள் இப்போது என்ன பிணை கேட்கின்றன, வெளிநாட்டில் வாங்கியவரிடமிருந்து பணம் வராமல் போனால் ஈடு தரும் ஈ.சி.ஜி.சி. காப்பீட்டுக்குப் பிரீமியம் எவ்வளவு ஆகும் என்பதை உன் பழைய அலுவலகத்தில் விசாரித்து எழுதிக்கொண்டு வா. கதிரவனுக்கு மட்டுமில்லாமல் எனக்கும் அது வேண்டும். இந்த ஆண்டு என் சரக்கில் ஒரு பகுதியையாவது என் பெயரில் அனுப்பிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
இராமநாதன்