பிராம்ப்டனிலிருந்து அப்பாவுக்கு

பிராம்ப்டன், கனடா

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவும் செல்வியும் சித்தப்பா வீட்டாரும் நலம் என்றறிந்து மகிழ்ந்தேன். அட்டைப்பெட்டி ஆலையில் எனக்கு என்னதான் வேலை என்று அச்சகத்துப் பெரியவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். காற்றையும் கழிவையும் பிரித்து அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள். சிரிப்பார், ஆனால் உண்மை அதுதான்.

சிவகாசியில் கட்டிங் மெஷினுக்கு அடியில் விழும் நறுக்குகளைச் சாக்கில் அள்ளி எடைக்குப் போடுவோம். இங்கே அட்டையின் ஓரம் வெட்டுப்பட்டதுமே பெரிய விசிறியொன்று அதை உறிஞ்சி, தன் இதழ்களாலேயே துண்டாக்கி, விநாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் தகரக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. வேகம் குறைந்தால் குழாயின் வளைவில் நறுக்குகள் படிந்து அடைத்துக்கொள்ளும். வந்த காற்றை அப்படியே, கழிவை அழுத்திப் பெருங்கட்டாக்கும் பேல் இயந்திரத்தில் இறக்கினால் கூடம் முழுக்கப் புழுதிதான். அதற்காகத்தான் நடுவில் சைக்ளோன் நிற்கிறது. நம் ஊர் அரிசி ஆலைக் கூரையில் உமி கொட்டும் தகரக் கூம்பு இருக்குமே, அதேதான், அளவில் பெரியது. பக்கவாட்டில் நுழையும் காற்று சுழல, நறுக்குகள் சுவரோரம் ஒதுங்கிக் கீழே சறுக்கும். காற்று நடுக்குழாய் வழியே மேலேறிவிடும். அடியில் மெதுவாகச் சுழலும் வால்வு கழிவை விழவிட்டுக் காற்றைத் தடுக்கும். அதன் ரப்பர் ஓரம் தேய்ந்தால் கீழே நிற்பவர்கள் முகத்தில் தூசி அடிக்கும், உடனே என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

சைக்ளோனுக்குச் சிக்காத நுண்தூசியைத் துணிப்பைகள் வடிகட்டுகின்றன. காகிதத் தூசி காற்றில் திரண்டிருக்கும்போது பொறி பட்டால் வெடிக்கும் என்பதால் அந்தப் பைகளிடம் எனக்குப் பயம் கலந்த மரியாதை உண்டு. வெளியே மைனஸ் 20 டிகிரி; எரிவாயு செலவழித்துச் சூடாக்கிய காற்றை வெளியே ஊதிவிடுவது நட்டம் என்று, வடிகட்டியதைக் குளிர்காலத்தில் கூடத்துக்குள்ளேயே திருப்பிவிடுகிறோம். வறண்ட காற்றில் நிலைமின் ஏறி நறுக்குகள் தகரத்தில் ஒட்டிக்கொள்ளும். கை வைத்தால் சுருக்கென்று அடிக்கும்.

குளிருக்காக அம்மா கவலைப்பட வேண்டாம். கீழ்வீட்டுப் போர்ச்சுகீசியப் பெரியவர் விடியுமுன்பே என் வாசற்பனியையும் சேர்த்து வழித்துவிட்டு, நன்றி சொல்லப் போனால் கதவைச் சாத்திக்கொள்கிறார். இப்போது ஓவர்டைம் இல்லாததால் நிதானமாகச் சமைக்க நேரம் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடாதது ஒன்றுதான் சற்றுச் சங்கடம்.

இங்கும் அட்டை ஒட்டுவது மாவுப்பசைதான், சோள மாவு. நேற்று அதன் ஆவி முகத்தில் பட்டதும், திண்ணையில் அம்மா மைதாப் பசை கிண்டும் வாசனை வந்து நெஞ்சை அடைத்துவிட்டது அப்பா. கொஞ்ச நேரம் கை ஓடவில்லை.

செல்வியின் விஷயத்தில் விருதுநகர் வரனே எனக்கும் சரியென்று படுகிறது. வைகாசியில் முகூர்த்தம் பாருங்கள். நகைக்கான பணத்தை இரண்டு தவணையாக அனுப்புகிறேன், ஆசாரியிடம் சொல்லிவையுங்கள். பொதுச்சுவர் பற்றிச் சித்தப்பா கொண்டுவரும் தாளில் இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம். முதலில் பட்டாவின் நகலை எனக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
பாண்டியன்